எலி கடித்த விரியன்

15-10-1952, புதன்.

விஷம் எடுப்பதற்காக வளர்க்கும் கண்ணாடி விரியனின் பெட்டிக்குள் நேற்று உயிருள்ள எலி ஒன்றை விட்டேன். தின்றதா என்று பாராமல் படுத்துவிட்டேன். மழைக் குளிரில் விரியன் மரத்துக் கிடந்திருக்கிறது. காலையில் திறந்தால், எலி அதன் முதுகைக் கொறித்து வைத்திருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கவைக்கம்பால் தலையை அமுக்கிக்கொண்டு, புண்ணில் கோழியிறகால் மஞ்சளெண்ணெய் தடவினேன். என் மனைவி அறை வாசலிலேயே நின்று சிரித்தாள். "பாம்பு கடிச்ச ஆளுக்கு மருந்து குடுக்கிய. எலி கடிச்ச பாம்புக்கும் நீங்கதான் வைத்தியரா?"

அவளுக்கு அது எப்போதும் 'அந்தச் சனியன்'தான். இன்று சோறு போடும்போது அவளாகவே கேட்டாள்: "பாவம், அது தண்ணியாவது குடிச்சுதா?"

குடித்தது என்றேன். வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது.