பிஸ்கட் டப்பாவின் சூடு

நியூ பிரன்சுவிக்,
ஜனவரி 12

அன்புள்ள லூசெட்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய கையுறை அளவாக இருக்கிறது. நிறம்தான் என் வயதுக்கு ஏற்றதில்லை.

பள்ளியில் நான் தொடங்கிய மறுசுழற்சி ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. காகிதத்துக்கு ஒரு தொட்டி, டின்னுக்கு ஒன்று, பால் அட்டைப்பெட்டிக்கு ஒன்று. கழுவாத எதுவும் என் அறைக்குள் வராது. டின்னில் ஒட்டிய தாள் ஒரு துணுக்குக்கூட மிஞ்சக் கூடாது. கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் அலோய்சியா நம்மை வளர்த்த விதம் அப்படி. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் பொம்மைகளின் தீர்ந்த பேட்டரிகளும் இப்போது வருகின்றன. ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் சேர்க்கிறேன். வீடுகளில் அவற்றின் முனைகளில் டேப்பை ஒட்டி அனுப்புகிறார்கள். பார்க்கவே அசிங்கம். பிள்ளைகளை உட்கார வைத்து ஒன்றுவிடாமல் பிய்க்கச் செய்தேன்.

ஒரு விஷயம். நேற்று பூட்டும்போது டப்பாவின் மேல் கை பட்டது. சுட்டது. பக்கத்தில் வெப்பக் குழாய் எதுவும் இல்லை. இன்றும் அதே சூடு. நகப்பூச்சு போல ஒரு வாடையும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு.

தலைமையாசிரியர் ஆர்செனோவிடம் சொல்லவில்லை. “ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா அன்னிக்கே மூடிடுவேன், மேடம்” என்று சொல்லித்தான் அறையைக் கொடுத்தார். அர்மான் போய் நான் விதவையான பிறகு, காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

பயம் என்று எழுத மனம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை. நீ வேதியியல் நடத்தியவள். சொல்.

உன் அக்கா,
ஓடில்

வின்னிபெக்,
ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேப் அழுக்கு இல்லை, அக்கா. ஒரு பேட்டரியின் முனை இன்னொன்றில் படாமல் இருக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள். அதைப் பிய்த்து, இரும்பு டப்பாவில் நெருக்கி அடுக்கியிருக்கிறீர்கள். அந்தச் சூடு தீயின் தொடக்கம். நாலு நாளாக அது அங்கேயே இருக்கிறது.

உங்களைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக அப்படித்தான் அடிக்கிறது. அம்மாவின் கல்லறையில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னும் கோபமா?

வேறு வழியில்லாமல் பள்ளிக்குப் பேசினேன். உங்கள் பெயரைச் சொன்னதும் அலுவலகப் பெண் சிரித்தாள். “மேடம் திபோவோட டப்பாவா? அதைத் தொட்டா எங்க கையை ஒடிச்சுடுவாங்களே.”

“உன் கை அப்புறம் ஒடியட்டும், முதல்ல பிள்ளைங்கள வெளிய அனுப்பு” என்று கத்திவிட்டேன். போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டுங்கள். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

லூசெட்

நியூ பிரன்சுவிக்,
ஜனவரி 21

அன்புள்ள லூசெட்,

உயிரோடு இருக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் பத்திரம்.

நீ பேசியதும் ஆர்செனோ தீ மணியை அடித்திருக்கிறார். கோட்டுகூட இல்லாமல் முழுப் பள்ளியும் பனியில் போய் நின்றிருக்கிறது. நான் என் அறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பால் பெட்டிகளை அலசிக்கொண்டிருந்தேன். டப்பா என் முதுகுக்குப் பின்னால், அலமாரியில்.

அந்த மணி எனக்குக் கேட்கவில்லை, லூசெட்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அலறிவிட்டேன். ஆர்செனோதான். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் புரியவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது காலடியில் தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அறை முழுக்கப் புகை.

தீயணைப்புக்காரர்கள் எரிந்ததையெல்லாம் பனியில் கொட்டிக் கிளறினார்கள். அதில் பொத்தான் அளவில் சில பேட்டரிகள். “இது எந்தப் பொம்மையோடது?” என்று கேட்டார்களாம். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி சொன்னாளாம்: “பொம்மையோடது இல்ல. மேடத்தோட காதுலேருந்து வர்றது.”

காது கேட்கும் கருவியை முடியை இழுத்துவிட்டு மறைத்திருந்தேன். அன்று காலையும் அதில் தீர்ந்த பேட்டரியைக் கழற்றி டப்பாவில் போட்டேன். புதிது வாங்க மருந்துக்கடைக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நாளைக் கடத்தினேன். பிள்ளைகளுக்கோ முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஆர்செனோ அறையை மூடவில்லை. பேட்டரிக்கு இனி வெளிக்கொட்டகையில் மணல் வாளி. மற்றதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: “காதுல மெஷின் இல்லாம உள்ள வராதீங்க, மேடம். உங்களுக்கு மணி கேக்கலேன்னா பக்கத்துல இருக்கற ஒண்ணாம் வகுப்புக்கும் ஆபத்து.” தலையாட்டினேன். இப்போதும் உறக்கத்தில் அந்தக் கை தோளைப் பிடிக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கல்லறையில் நீ என்ன சொன்னாய்? அதுவே எனக்குக் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு வா. மணியை அடித்துக்கொண்டு வாசலில் நிற்காதே. கதவைத் திறந்து வைத்திருப்பேன். நேராக உள்ளே வந்து, என் முன்னால் நில். பின்னாலிருந்து மட்டும் தொடாதே.

உன் அக்கா,
ஓடில்