நேற்று விருந்து இருந்ததா?

செப்டம்பர் 4

அறுபது தாண்டியவர்களுக்கான ரத்தப் பரிசோதனை இன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. முதல் நாளே இருபத்திரண்டு பேர். கடைசி ஆளாக என் வீட்டுக்காரரையும் இழுத்து வந்து உட்கார வைத்தேன். இடுப்பளவு நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர். டேப்பைச் சுற்றிய புது டாக்டர் ஜில்திஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்லா இழுத்துக் கட்டும்மா, குதிரைக்குச் சேணம் கட்டுற மாதிரி" என்கிறார் இவர். வெட்கம் என்பதே கிடையாது.

பதிவேட்டில் அவர் பெயரை எழுதக் கை தயங்கியது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் கிர்கிஸ் வழக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஷாமுராத். எழுதிவிட்டேன். எழுதலாம், தப்பில்லை.

செப்டம்பர் 5

சர்க்கரை அதிகம், கொழுப்பு அதிகம், யூரிக் அமிலம் அதிகம். இதெல்லாம் தெரிந்த கதைதான். சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கும் கிரியாட்டினின்தான் நூற்று நாற்பத்தெட்டு. எங்கள் அளவையில் ஆண்களுக்கு நூற்றுப் பத்தைத் தாண்டக் கூடாது. பயந்துபோய் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன், அதேதான்.

அப்புறம்தான் நினைவு வந்தது. ரத்தம் கொடுத்ததற்கு முந்தின நாள் கபார் அண்ணன் இறந்துபோன தன் அம்மாவுக்குக் கொடுத்த வருஷ நினைவு விருந்து. இவருக்கு அவர் ஐம்பது வருஷச் சிநேகிதர், கேட்க வேண்டுமா? அவித்த குதிரை இறைச்சியை அப்படிச் சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் மறுநாள் இந்த எண் ஏறும். அதனால் எங்கள் ஊரில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பதே, "நேத்து விருந்து இருந்துச்சா?" என்பதுதான். ஆமாம் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இறைச்சி' என்று குறிப்போம். மூன்று நாள் இறைச்சி தொடாமல் மறுபடி வரச் சொல்வோம். கபார் அண்ணனுக்கு நூற்று முப்பத்தாறு. அவருக்கும் அப்படித்தான் குறித்தேன்.

இவருக்கும் குறித்தேன். குறித்ததும் பயம் போய்விட்டது.

செப்டம்பர் 19

மூன்று நாள். மூன்றே மூன்று நாள் சும்மா இருக்கச் சொன்னால் இந்த மனிதரால் முடியவில்லை. ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் பேரனுக்குச் சுன்னத், இன்னொருவர் புது வீடு கட்டியிருக்கிறார். எங்கே போனாலும் வயதில் மூத்தவர் இவர்தான். நல்ல துண்டாகப் பார்த்து இவர் முன்னால்தான் வைப்பார்கள்.

"ஆட்டுத் தலையைக் கொண்டாந்து மரியாதையா என் முன்னாடி வைக்கிறான். 'வேணாம்ப்பா, என் கிழவி என் சிறுநீரகத்தைக் கணக்கெடுக்கிறா'ன்னு சொல்லணுமா?" என்று கேட்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 30

இரண்டு நாள் ஒழுங்காக இருந்தார். மூன்றாம் நாள் என் தம்பி உயிருள்ள ஆட்டோடு வந்து இறங்கினான்.

அக்டோபர் 12

எங்கள் மகள் பெர்மெத்துக்கு நிச்சயம் ஆகிவிட்டது. ஏப்ரலில் கல்யாணம். வழக்கப்படி ஆட்டின் வால் கொழுப்பையும் ஈரலையும் தயிரில் தோய்த்து, சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டினார்கள். அதை விழுங்கினால்தான் உறவு உறுதி. இவர் விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்து காட்டினார். மீசையெல்லாம் தயிர். பெர்மெத் சிரித்துச் சிரித்து அழுதாள். ஒரே பெண், நல்ல இடம். இன்றைக்குப் போய் எண்ணைப் பற்றி யார் பேசுவார்கள்?

அவருடைய கோட்டைத் தொங்கவிடும்போது பையில் வலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. இரண்டு காலி, ஒன்று பாதி. கால் கட்டை விரல் வீங்கியிருக்கிறதாம், சந்தையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம். திட்டினேன். "நிச்சயத்துக்கு நொண்டிக்கிட்டா போவாங்க?" என்றார்.

நவம்பர் 3

ஜில்திஸ் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "கனிஷாய் அக்கா, முப்பத்தொரு பேருக்கு இறைச்சின்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா?"

"வருவாங்க."

"உங்க வீட்டு அண்ணனே வரலையே."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "நீ நேத்து வந்தவ. நான் இருபத்தெட்டு வருஷமா இந்த ஊர் ரத்தத்தைப் பாக்கிறேன்" என்று கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "இடுப்பு, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, நாலும் ஒண்ணா இருக்கிற வயசானவங்களுக்கு அது வெறும் இறைச்சின்னு என்னால நம்ப முடியலைக்கா" என்றாள்.

தப்பாகப் பேசியிருந்தால் கோபம் வந்திருக்காது. சரியாகத்தான் பேசினாள். அது தெரிந்தும் வீட்டுக்கு வந்து வேறு வேலையைப் பார்த்தேன்.

நவம்பர் 21

பூட்ஸ் சிறியதாகிவிட்டதாம். மூன்று வருஷமாகப் போடுகிற பூட்ஸ்.

நவம்பர் 27

"டீல உப்பே போடலையா?" என்று கேட்டார். எங்கள் டீக்கு எப்போதும் உப்புதான், போட்டிருந்தேன். பாலும் சரியாகத்தான் இருந்தது. எதைக் குடித்தாலும் துருப்பிடித்த கரண்டியை நக்குவது போல இருக்கிறதாம். நாளை கட்டாயம் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றேன். நாளை குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கிறார்கள், கபார் வீட்டில். அதை முடித்துவிட்டு, என்றார்.

நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

டிசம்பர் 6

நான்கு நாளாக எதுவும் உள்ளே தங்கவில்லை. இறைச்சி வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இவர். காலையில் வீட்டிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அறுநூற்று எண்பத்தொன்பது.

நான்கு நாள் இறைச்சி தொடாத ரத்தம். பக்கத்தில் குறிக்க ஒன்றுமில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜில்திஸ் வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். 'அன்னிக்கே சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்ன பண்ணிட்டேன் நான். தெரியாதவளா இருந்திருந்தா பரவாயில்லையே. தெரிஞ்சவதானே நான் —

டிசம்பர் 9, பிஷ்கெக்

தலைநகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். பெரிய டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் பாத்தீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இல்லைங்க. இதான் முதல் தடவை."

டாக்டர் போனதும், "ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"நீ கூப்பிட்டப்பல்லாம் நான் விருந்துக்குப் போனேன். அந்தக் கதை அவருக்கு எதுக்கு? போய் டீ வாங்கிட்டு வா, கிழவி."

தாழ்வாரத்தில் நின்று அழுதுவிட்டு டீ வாங்கப் போனேன். ஒரு டம்ளருக்கு மேல் அவர் குடிக்கக் கூடாது. பிறகு அந்த டாக்டரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். செப்டம்பரில் நூற்று நாற்பத்தெட்டு, நடுவில் வலி மாத்திரைகள், எல்லாவற்றையும். அப்போதே அந்த மாத்திரையை நிறுத்தி மருந்து தொடங்கியிருந்தால் சில வருஷங்கள் கிடைத்திருக்கலாம் என்றார். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

டிசம்பர் 30

வாரம் மூன்று தடவை மிஷின். கணவாய் முழுக்கப் பனி. ஊருக்குப் போக வழியில்லை. கன்னமெல்லாம் ஒட்டிவிட்டது. கபார் அண்ணனுக்குப் போன் போட்டுத் தன் செங்குதிரையைப் பற்றித்தான் கேட்கிறார். தினமும் ஏறி நடத்து, கொழுத்துவிடப் போகிறது என்கிறார். பெர்மெத் கல்யாணத்தில் அதன் மேல் வந்து இறங்க வேண்டுமாம்.

ஜனவரி 17

காலையில், மிஷினை விட்டுக் கட்டிலுக்கு மாற்றும்போது இதயம் நின்றுவிட்டது. கணவாயில் வழி விட்டுவிட்டார்கள், ஊருக்குக் கொண்டுபோகிறோம்.

பிப்ரவரி 25

நாற்பதாம் நாள். செங்குதிரையை அறுத்தார்கள். வேறு குதிரை வாங்கலாம் என்று பெர்மெத் அழுதாள். "அவன் குதிரை, அவன் விருந்து" என்றார் கபார் அண்ணன், அவரும் அழுதுகொண்டே. ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். மரியாதைத் துண்டு இப்போது கபார் அண்ணனுக்கு. தட்டைக் கொண்டு போய் வைத்தது நான்தான். நன்றாகச் சாப்பிட்டார்கள். இறந்தவருக்காகச் சாப்பிடுகிறவர்களிடம் போதும் என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 26

வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

பென்சில் குறி போட்ட முப்பத்தொரு பேரில் இவர் போக மீதி முப்பது பேரையும் ஜில்திஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் ஆளாகக் கபார் அண்ணன் வந்து கையை நீட்டினார். பட்டையைக் கட்டினேன். பழக்கம், வாயிலிருந்து வந்துவிட்டது.

"நேத்து விருந்து இருந்துச்சா?"

அவர் என்னையே பார்த்தார். "உன் வீட்லதானேம்மா சாப்பிட்டேன்."

ரத்தம் எடுத்தேன்.

நூற்று எழுபத்தொன்று. பென்சில் அங்கேதான் கிடந்தது. தொடவில்லை. வேலை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்கு நடந்தேன். இன்றிலிருந்து இறைச்சி வேண்டாம், வலி மாத்திரை எதுவும் வேண்டாம், மூன்று நாள் கழித்துக் காலையில் ஊசியோடு நானே வருகிறேன் என்றேன்.

"அதுக்குள்ள எவனாவது விருந்துக்குக் கூப்பிட்டா? போயிட்டுச் சாப்பிடாம வர முடியுமா? என்னன்னு சொல்றது?"

"ஷாமுராத் பெண்டாட்டி சாப்பிட விடலைன்னு சொல்லுங்க."

கபார் அண்ணனின் மனைவி கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை என் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கபார் அண்ணன் சரி என்றார்.