தரை ஈரமும் மேலாளரின் வரவேற்பும்

மார்ச் 3, செவ்வாய்

இந்தப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புக்குத் தனியாக ஆள் வைக்க மனமில்லை. அவரவர் வேலைக்கு அவரவரே குரல் பதிய வேண்டும்; வரவேற்பு மேலாளருடையது. டிக்கெட் கொடுப்பவர் மைக்கை விழுங்கிவிட்டுப் பேசியிருக்கிறார். துப்புரவு அக்காவோ, “தரை ஈரமாக இருக்கிறது, பார்த்து நடங்கள்” என்பதை மைக்குக்கு வலிக்குமோ என்பதுபோல் சொல்லியிருக்கிறார். கொசு கூட இதைவிடச் சத்தமாகப் பாடும்.

போன வாரம் ஒரு பயணி வழுக்கி விழுந்தார். அதற்கு மேலாளர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்: “இன்னொரு ஆள் விழுந்தா நீ வேற வேலை பார்த்துக்க.”

எல்லாக் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை.

மார்ச் 4

முடிந்தது. மென்பொருளில் கோப்புகளைப் போட்டு நார்மலைஸ் பொத்தானை அமுக்கினால், உரக்க இருப்பதை இறக்குகிறது, மெலிந்ததை ஏற்றுகிறது. பேசுவது யார், சம்பளம் என்ன என்று கேட்பதில்லை. உலகம் தெரியாத ஜென்மம்.

கூடத்தில் ஒலித்ததும் அக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

“யாரு தம்பி அது, என்னையே அதட்டுறது?”

“நீங்கதான்க்கா.”

“நானா? வீட்ல ஒரு நாள் இப்படிப் பேசியிருந்தா உருப்பட்டிருப்பேன்.”

மார்ச் 5

மேலாளர் கூப்பிட்டார். “என் வரவேற்பும் தரை ஈரமும் ஒரே சத்தமா?”

“ஆமா சார்.”

“நான் யாரு?”

வரவேற்பைக் கேட்டதால் இதுவரை யாரும் வழுக்காமல் தப்பியதில்லை என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 6

‘அன்பான பயணிகளே, வருக வருக’ என்று மேலாளர் மறுபடி பதிந்தார். கத்தினார். மென்பொருள் இறக்கியது. இன்னும் கத்தினார். இன்னும் இறக்கியது. கடைசியில், பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டவர் உதவி கேட்பதுபோல் இருந்தது.

“நீங்க கத்தக் கத்த அது குறைக்கும் சார்.”

“அதுக்கு என்னைத் தெரியாதா?”

மார்ச் 7

உத்தரவு: அவர் கத்தியது கத்தியபடியே போக வேண்டும். அக்காவுடையது பழைய கொசு அளவுக்கே திரும்ப வேண்டும். “அப்ப யாராவது விழுந்தா?” என்றேன். “அது அவ பாடு.”

அது அவ பாடாம்! தரையில நடக்கிறது ஊர் பாடு, விழுந்தா மட்டும் அவ பாடா?

போட்டேன். ஒலிபெருக்கி கிழியாத குறை. வெளியே டீக்கடைக்காரர் ஓடிவந்து, “உள்ள யாரைப் போட்டு அடிக்கிறாங்க?” என்றார். நான் நாள் முழுக்கக் கூடத்தில் நின்று “தரை ஈரம்! தரை ஈரம்!” என்று கத்திக்கொண்டிருந்தேன். யாரும் விழவில்லை. என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள், அதுவும் நல்லதற்குத்தான்.

மார்ச் 9

பயணிகள் புகார் மேலிடத்துக்குப் போயிருக்கிறது. வரவேற்பை இன்றே மாற்ற வேண்டுமாம். மேலாளருக்கோ தொண்டை போய்விட்டது. கத்தியதில்தான்.

பதிவு அறைக்குக் கதவு இல்லை. வெளியே அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மேலாளர் வெறும் காற்றாகப் பேசினார், ‘அன்பான பயணிகளே...’ பதிந்ததைக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பட்டனை அமுக்கு,” என்று கிசுகிசுத்தார்.

“அமுக்கினா எல்லாக் கோப்புக்கும் சேர்த்துத்தான் சார்.”

பொய். ஒன்றை மட்டும் ஏற்றலாம்.

அவர் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். “சரி.”

மார்ச் 10

மெலிந்த குரலை ஏற்றினால் அதன் பின்னால் இருப்பதும் ஏறும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் முழுதாகக் கேட்டுப் பார்க்காமல் போட்டுவிட்டேன். காலை முதல் பேருந்துக்கு வரவேற்பு ஒலித்தது. ‘வருக வருக’ முடிந்ததும் வாளி நகரும் சத்தம், பிறகு, தெளிவாக: “பாவம், இப்பத்தான் மனுஷன் மாதிரி பேசுறாரு.”

கூடமே சிரித்தது. நான் ஓடிப்போய் அந்தப் பகுதியை மட்டும் வெட்டினேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் இரண்டு பேரையும் பார்த்தார். திட்டத் தொண்டை வேண்டுமே.

மார்ச் 16

அவருக்குத் தொண்டை திரும்பிவிட்டது. மறுபடி பதியக் கூப்பிடவில்லை. வரவேற்பு நன்றாக இருப்பதாக யாரோ பயணி அவரிடமே சொன்னாராம்.

மதியம் ‘தரை ஈரமாக இருக்கிறது’ ஒலித்தபோது அவர் கூடத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தார். நின்றார். அக்கா துடைப்பத்தை நீட்டி ஓரத்தைக் காட்டினார்.

அவர் சுற்றிக்கொண்டு போனார்.