அளவு என்னிடம், எடை உன்னிடம்

பிப்ரவரி 4

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

மலையில் குளிர் எப்படி? மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், மருந்து சாப்பிட்டிருக்கமாட்டாய். சாப்பிடு.

நாம் சேர்ந்து ஆராயும் தொலைதூரக் கிரகத்தின் அளவை முடித்துவிட்டேன். அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போதெல்லாம் வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய் எடுத்த எண். என்னவென்று சொல்லமாட்டேன். உன் தொலைநோக்கியில் நீ எடுக்கும் எடை முடியும்வரை நான் என் எண்ணைச் சொல்லக்கூடாது, நீயும் கேட்கக்கூடாது. ஒன்று தெரிந்துவிட்டால் மற்றது அதற்குத் தக்கபடி வளைந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே நாம் போட்ட விதி அது.

பந்தயத்தை மறந்துவிடாதே. சின்னக் கிரகங்களில் சில பூமியைப் போலக் கெட்டிப் பாறை, சில உப்பலானவை, இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவில் அகப்படுவது ரொம்பக் குறைவு. எல்லாம் ஒரே மாதிரிதான் பிறந்தன, நட்சத்திரத்தை ஒட்டி இருந்தவை வெப்பத்தில் தங்கள் வாயுப் போர்வையைப் பறிகொடுத்தன என்பது என் கட்சி. இல்லை, உப்பலானவை பிறப்பிலேயே வேறு, தூரத்தில் பனிக்கட்டி உறையும் இடத்தில் பாதிக்குப் பாதி நீராக உருவாகி அப்புறம் உள்ளே நகர்ந்து வந்தவை என்பது உன் கட்சி. நம் கிரகம் யார் பக்கம் சாட்சி சொல்கிறது, பார்ப்போம்.

எங்கள் கல்லூரியில் உனக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருக்கும் துறைத் தலைவர் இன்றைக்கும் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றார்? பாதி நேர வேலைதான், இருந்தாலும் எத்தனை நாள் காலியா வச்சிருக்க முடியும்?"

"எடை முடிஞ்சதும் வந்துடுவார் சார்" என்றேன். ஜூன் வரை பொறுப்பாராம்.

சாப்பாட்டு மேசையில் நீ உட்காரும் இடத்தில் விடைத்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன். வெறுமையாக இருந்தால் கண்ணை உறுத்துகிறது.

உன் சிடுமூஞ்சி


மார்ச் 2

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

மூக்கு ஒழுகுவதை அங்கிருந்தபடியே கண்டுபிடிக்கிறாய். உனக்கு எதற்குத் தொலைநோக்கி?

எடை இன்னும் பிடி கொடுக்கவில்லை. கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுவதைத்தான் நான் அளக்க வேண்டும். இந்த நட்சத்திரமோ தானாகவே கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. எது கிரகத்தின் இழுப்பு, எது அதன் சொந்தப் படபடப்பு என்று பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

விடுதியில் இப்போது நான் மட்டும்தான். மற்றவர்கள் கீழே ஊரில் உட்கார்ந்து கணினி வழியாகவே தொலைநோக்கியை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நானும் அப்படிச் செய்யலாம் என்று நீ சொல்வாய். சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்த சமையல்காரர் கேட்டார், "ஒண்டியா இருக்க ஒரு மாதிரியா இல்லையா சார்?"

"பழகிடுச்சு" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை நாள் முழுக்க மனதில் கிடந்தது.

வேலை விஷயம் எழுதியிருந்தாய். நல்ல மனிதர் உன் துறைத் தலைவர். பார்க்கலாம்.

குளியலறைக் குழாய் ஒழுகுவதாகச் சொன்னாயே, ஆள் வந்தாரா?

உன் தூங்குமூஞ்சி


மே 9

அன்புள்ளவனுக்கு,

குழாய் சரியாகிவிட்டது. நானே திருகினேன்.

நேற்று குழுக் கூட்டத்தில் எண்களைத் திறந்தபோது திரையில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூமியைப் போல இரண்டேகால் மடங்கு அகலம் என்றேன். ஆறரை மடங்கு எடை என்றாய். யாரோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பாறை மேல் மெல்லிய வாயுப் போர்வை என்றாலும் சரியாக வருகிறது, பாதி நீர் என்றாலும் சரியாக வருகிறது. நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை. அளவும் எடையும் கைக்கு வந்தும் உள்ளே இருப்பது என்ன என்று தெரியவில்லை.

அப்போதுதான் சொன்னாய், அதன் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கப் புதுக் கருவி மலைக்கு வருகிறது, இன்னும் மூன்று வருடம் இருந்து அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. அத்தனை பேர் முன்னால். நானும் நல்ல யோசனை என்பது போலத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடமாக உன்னை நான் ஒன்றுமே கேட்கவில்லை. நீ முடிவெடுக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது, கேட்டால் உன் பதில் என் பக்கம் வளைந்துவிடும் என்று கல்லு மாதிரி இருந்தேன். கிரகத்துக்குப் போட்ட விதியைக் குடும்பத்துக்கும் போட்ட புத்திசாலிகள் உலகத்தில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். கிரகத்திடம் வேறு வழியில்லை, தூரத்தில் நின்று ஊகிக்கத்தான் வேண்டும். உனக்கு வாய் இருக்கிறது. கேட்கிறேன்.

எனக்கு இங்கே தாங்க முடியாத தனிமையாக இருக்கிறது. நீ வருகிறாயா, இல்லையா? பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

உன் சிடுமூஞ்சி


மே 28

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

வரவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதியதும் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இங்கே வேறு யாரும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்திருந்தால் உனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். போன விடுமுறையில் வந்திருந்தேனே, நீ அடுப்படியில் நின்று ஆசை ஆசையாய்ப் பேசிக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எப்போது மலைக்குத் திரும்புவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் இன்னொருவரோடு இருக்க மட்டும் என்னால் முடியவில்லை.

இங்கே வந்து இப்படி ஆனேனா, முதலிலிருந்தே இப்படித்தானா என்று கேட்பாய். சத்தியமாகத் தெரியவில்லை. முன்னாலேயே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நீ கேட்காமல் இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தூங்குமூஞ்சி


ஜூன் 16

தூங்குமூஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நேராகச் சொன்னதற்கு நன்றி. நன்றி என்று எழுதும்போதே உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருக்கிறது.

நம் கட்டுரையை அனுப்பிவிட்டேன். இரண்டு விளக்கங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றே முடித்திருக்கிறேன். புதுக் கருவியை வைத்து நீ பார்த்துச் சொல். நீ ஜெயித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

உன் துணிகளைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். கம்பளிச் சட்டைகள் மேலே இருக்கின்றன. குளிர் காலத்துக்குள் வந்து சேரும்.

நேற்று காலை துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். "என்னம்மா, எடைதான் முடிஞ்சுதே, எப்ப வர்றார்?" என்றார்.

"அவர் வரலை சார்."

"இந்த மாசம் வரலையா?"

"வரலை சார். அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை. பத்து மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது.

சிடுமூஞ்சி