4417-இன் இடப்பக்கம்

மே 16, 2011, திங்கள்

தூரிகைகளை நானே கழுவி வைத்தேன். உதவி செய்கிறேன் என்று வருகிறவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தால் முடியெல்லாம் கோணிக்கொண்டு நிற்கும்.

சனிக்கிழமை, காட்டுக்குதிரைகளைத் தத்துக் கொடுக்கும் நாளில், பதினொரு குதிரைகளில் பத்து போயின. ஒவ்வொரு கொட்டில் கம்பியிலும் நான் வரைந்த படம் தொங்கியது. குதிரையை எடுத்துக்கொள்பவருக்குப் படமும் சேர்த்து. அரசாங்க அடைப்பில் புழுதியும் சாணியுமாக நிற்கும் காட்டுக்குதிரையை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் குதிரை கண்ணில் படுகிறது என்பது டார்லீனின் கட்சி. அவளுடைய மீட்புக் குழுவுக்கு நான் வரைய ஆரம்பித்து நான்கு வருடம்.

மீந்தது 4417-ஆம் எண் குதிரை. செந்நரைப் பெட்டை. மீந்தது இது இரண்டாம் முறை. மூன்றாவது முறையும் யாரும் எடுக்காவிட்டால் தத்துப் பட்டியலிலிருந்து விற்பனைப் பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள். விற்பனையில் வாங்குகிறவன் லாரியை எந்தத் திசையில் ஓட்டிப் போகிறான் என்று யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. எல்லை தாண்டினால் இறைச்சி.

அடுத்த தத்து நாள் ஜூன் 25.

மே 17

ஏன் மீந்தாள் என்று எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன்.

பிடிபட்ட குதிரைகளுக்கெல்லாம் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே, உறைய வைத்த இரும்பால் குறி போடுகிறார்கள். அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். அதனால் இங்கே யார் வரைந்தாலும், யார் புகைப்படம் எடுத்தாலும், இடப்பக்கம்தான். 4417-ஐ மட்டும் நான் வலப்பக்கமாக வரைந்தேன்.

வைக்கோல் தொப்பி போட்ட பண்ணைக்காரர் ஒருவர் படத்தின் முன் நின்றார். மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மத்த பத்தும் இடப்பக்கம். இது மட்டும் ஏன் வலப்பக்கம்? அந்தப் பக்கம் என்னத்த ஒளிச்சு வச்சிருக்காங்க?"

"சுத்திப் போயி பாருங்களேன்."

"ஒளிக்கிறவங்ககிட்ட எதுக்குடி சுத்திப் பாக்கணும்? வா."

4417-க்கு இடக்கண் தெரியாது. வெள்ளை பூத்த கண். அதன்கீழ் ஒரு தழும்பு. அதை ஒளிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான் என்று டார்லீனிடம் சொன்னேன். அதுவும் பொய்.

மே 21

கானிஷின் வண்டியில் அடைப்புக்குப் போனேன். என் கணவர் அர்னோட்டின் சித்தப்பா மகன், எழுபத்தொரு வயது. எனக்குக் கார் ஓட்ட அனுமதி முடிந்ததிலிருந்து அவன்தான் ஓட்டுகிறான், வாயை மூடாமல்.

"என்ன அண்ணி, மறுபடியும் பொண்ணு பாக்குற சடங்கா? ரெண்டு தடவ மாப்பிள்ள வீட்டார் வந்து காப்பி குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயாச்சு."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"நம்ம ஆட்டுக்கு வச்ச புல்லத் தின்னு வளந்த ஜாதி அது. அதுக்குப் போயி கலர் கலரா ஜாதகம் எழுதுறீங்க. அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பாரு."

அர்னோட் சிரித்திருப்பார். அதுதான் தொல்லை.

மே 29, ஞாயிறு

பூசை முடிந்ததும் அடைப்புக்கே போய்விட்டேன். மடக்கு நாற்காலியைப் போட்டு, 4417-இன் இடப்பக்கம் உட்கார்ந்து, மூன்று மணி நேரம். கழுத்து சரியாக வந்தது. குறி, கோடு பிசகாமல் வந்தது. செந்நரை நிறம் கடினம் — சிவப்பு முடிக்குள் வெள்ளை முடி, கலக்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது — அதுவும் வந்தது.

கண் வரவில்லை. இல்லை, வந்தது. வேறு கண்.

பழுப்பு நிறம். பார்வை உள்ளது. எதிரே நிற்பவளுக்கு வெள்ளைக் கண். என் பலகையில் பழுப்புக் கண், நேராக என்னையே பார்த்துக்கொண்டு. சுரண்டி எடுத்தேன். மறுபடி வரைந்தேன். மறுபடி அதே.

கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் வயதின்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

ஜூன் 2

இன்றும்.

ஜூன் 5

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தது தவறு. அடுப்படியில் ரொட்டி பிசையும்போது முதுகில் உறுத்துகிறது. திரும்பினால் பலகை துணி மூடியபடிதான் இருக்கிறது. யார் நீ? என்ன வேண்டும் உனக்கு? — கேட்டேவிட்டேன், வாய்விட்டு, பைத்தியக்காரி மாதிரி. யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுகிட்டே கேக்கறேன்.

ஜூன் 8

எழுதுகிறேன். ஐம்பத்து நான்கு வருடம் எங்கும் எழுதாதது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாதது, பாவம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை என்பதால்.

1957, ஆகஸ்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். மேய்ச்சல் காய்ந்து கிடந்தது. காட்டுக்குதிரைகளை விமானம் வைத்து விரட்டிப் பிடித்து, நாய்த்தீவன ஆலைக்கு இறைச்சியாக விற்றுக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் எல்லோரும். அர்னோட் கேட்டார்: "உனக்குத்தான் கன்னியாஸ்திரீங்க வரையக் கத்துக் குடுத்திருக்காங்களே. விமானக்காரனுக்கு அந்தப் பள்ளத்தாக்க வரைஞ்சு குடேன்."

குதிரைமேல் இரண்டு நாள் சுற்றினேன். ஊற்று எங்கே, மந்தை எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்குகிறது, எந்த நேரம் எந்தப் பாறையின் நிழலில் நிற்கிறது, தப்பிக்க எத்தனை பிளவு — ஒன்றையும் விடாமல் வரைந்தேன். இதைவிட நல்ல வரைபடம் கைக்கு வந்ததில்லை என்றான் விமானக்காரன். நான் பெருமைப்பட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள். பெருமைப்பட்டேன்.

நாற்பத்து மூன்று குதிரைகள். என் படத்தில் இருந்த ஒவ்வொரு பிளவிலும் சாக்குப்படுதா கட்டியிருந்தார்கள். போக ஒரே வழி, அதன் முடிவில் பட்டி. கயிறு போட்டு, ஓடாமலிருக்க, கழுத்தில் லாரி டயர் கட்டினார்கள். ஆண்களுக்குக் காப்பியும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு நான் போனேன். மந்தையை நடத்தி வந்த பெட்டை டயரை இழுத்து இரண்டு முறை விழுந்தாள், எழுந்தாள். இடப்பக்கத்தை என்னிடம் காட்டிக்கொண்டு நின்றாள். செந்நரை. பழுப்புக் கண். என்னைப் பார்த்தாள்.

நான் காப்பி ஊற்றினேன்.

எல்லோரும் செய்ததுதானே? நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் மூலையில் நிற்க வைப்பேன்.

ஜூன் 12

இன்று வெள்ளைக் கண் வந்தது. நான்கு மணி நேரம். அந்த வெள்ளையில் வெள்ளையே இல்லை: சாம்பல், நீலம், துளி மஞ்சள். தழும்பையும் வைத்தேன்.

டார்லீன் கொட்டில் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், படம் உயிரோட இருக்கு. ஆனா… அந்தக் கண்ண மட்டும் கொஞ்சம் நிழல்ல போட்டுடலாமா? இது கடைசி வாய்ப்பு. கண்ணப் பாத்தா ஓடிடுவாங்க."

"முடியாது."

"அவளுக்காகத்தான் சொல்றேன்."

"நானும் அவளுக்காகத்தான் சொல்கிறேன்."

நாங்கள் ஒரே குதிரையைச் சொல்லவில்லை. டார்லீனுக்கு அது தெரியாது.

ஜூன் 24

நாளை நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். "பண்ணைக்காரரோட மனைவி, சின்ன வயசுலேர்ந்தே காட்டுக்குதிரைன்னா உயிர்" என்று என்னை அறிமுகப்படுத்தப்போகிறாள் டார்லீன். வேண்டாம் என்றேன். "அடக்கத்தப் பாரு" என்று சிரித்தாள்.

ஜூன் 25, சனி

நடந்ததை நடந்த வரிசையில்.

டார்லீன் சொன்னபடியே அறிமுகப்படுத்தினாள். நான் எழுந்து, அது சரியல்ல என்றேன். 4417-க்கு இடக்கண் தெரியாது, போன முறை அதை மறைத்து வரைந்தது நான், குழுவின்மேல் குற்றமில்லை என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1957-ஐச் சொன்னேன். வரைபடத்தைச் சொன்னேன். நாற்பத்து மூன்று என்றேன். நான் வரைந்தேன் என்றேன். வேறு யார் பெயரையும் சொல்லவில்லை.

ஒருவர் இருமினார். ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனாள். டார்லீன் முகத்தில் ரத்தமில்லை.

மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. 4417 வந்தாள். எடுத்துக்கொள்ள யாராவது உண்டா என்று அழைப்பவர் ஒரு முறை கேட்டார். கை எழவில்லை. இரண்டாம் முறை. குருட்டுப் பக்கம் கூட்டம் என்பதால் தலையை முழுக்கத் திருப்பி எங்களைத் தேடினாள். பொய்யால் ஒரு தரம் தோற்கடித்தேன், உண்மையால் கொன்றேபோட்டேன் என்று நினைத்தேன். செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு.

மூன்றாம் முறை கேட்க வாய் திறந்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு தொப்பி உயர்ந்தது. கானிஷின் தொப்பி.

காகிதமெல்லாம் கேட்டார்கள். கொட்டகை உண்டா? உண்டு. வேலி ஆறடி உண்டா? உண்டு. முன்பு காட்டுக்குதிரை வைத்திருந்த அனுபவம்? "பிடிச்ச அனுபவம்தான்" என்றான். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

திரும்பும் வழியில் இருபது மைல் பேசவில்லை. கானிஷ்! இருபது மைல்!

பிறகு சொன்னான்: "பட்டிக் கதவ இழுத்துச் சாத்தினது யாருன்னு நீங்க சொல்லல."

"எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதீங்க அண்ணி. அங்கதானே நின்னீங்க."

தெரியும். பதினேழு வயதுப் பையன். எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள்.

"உன் பேரைச் சொல்ல நான் யார்?" என்றேன்.

"சொல்லிடுவீங்கன்னு தொப்பியக் கசக்கிக்கிட்டு நின்னேன். சொல்லாம உக்காந்துட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது?" கியரை மாற்றிக்கொண்டு, "கெழவியா பேசாம வீட்ல இருந்திருக்கலாம்ல நீங்க?" என்றான்.

"இருந்திருக்கலாம்" என்றேன்.

ஜூலை 10

பூசையில் இரண்டு குடும்பங்கள் என் வரிசையில் உட்காரவில்லை. அர்னோட்டின் தங்கை தொலைபேசியில்: "செத்தவர நாறடிச்சிட்டியே." அவர் பெயரை நான் சொல்லவே இல்லை என்றேன். "உன் பேருக்குப் பின்னால ஒட்டியிருக்கறது வேற யாரு பேராம்?" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னதும் சரிதான்.

செந்நரை போகவில்லை — அந்த மூத்தவள், 1957-இல் என்னைப் பார்த்தவள். அடுப்படியில் நிற்கிறாள். போவாள் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்?

செப்டம்பர் 9, வெள்ளி

டார்லீனுடன் கானிஷ் வீட்டுக்குப் போனேன். தத்துப் போன குதிரையைப் பார்வையிட்டு நிரப்பும் தாளை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். நான் கொட்டகைச் சுவரோரம் நின்றேன்.

குருட்டுப் பக்கமாக நிற்கிறவன் வாயை மூடக் கூடாது. குரல் நின்றால் ஆள் எங்கே என்று தெரியாமல் குதிரை மிரளும். ஆகவே கானிஷ், வேலிக்குள், 4417-இன் இடது தோளுக்குப் பக்கத்தில், நார்ப் பிரஷ்ஷால் முதுகைத் தேய்த்தபடி பேசிக்கொண்டே இருந்தான், எங்கள் வீட்டில் பேசும் பாஸ்க் மொழியில். கிண்டல் இல்லாத அவன் குரலை நான் இன்றுதான் கேட்டேன்.

"…அப்போ விமானம் ரெண்டாந்தரம் தாழ வந்துச்சு. பயப்படாத, இது பிரஷ்தான். தூசி அடங்கவே இல்ல. கதவு மரக்கதவு, பெருசு, இழுக்க இழுக்க வரல. முன்னால வந்தவ உன் நெறந்தான். அவ உள்ள வந்துட்டா, பின்னால குட்டி ஒண்ணு இன்னும் வெளிய நிக்குது. நான் நெனச்சிருந்தா… இரு, இரு, இங்கதான் இருக்கேன். அது வெளிய நின்னுச்சு. அம்மாவக் கூப்பிட்டுச்சு. நான் கதவப் பிடிச்சுக்கிட்டு, அது உள்ள வரட்டும்னு காத்திருந்தேன்."

குட்டியைப் பற்றி நான் அறிந்ததில்லை. என் படத்தில் அது இல்லை.

நான் அங்கே நிற்பதை அவனுக்குச் சொல்லவில்லை. 4417 ஒரு காதை என் பக்கம் திருப்பினாள். மற்றதை அவனிடமே வைத்திருந்தாள்.