விரிசலுக்கு ஒரு சொல்

ஜூன் 2, திங்கள்

இடவியலுக்கும் தனி இரும்பு அலமாரி வந்துவிட்டது. ஆறு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து மாடியில் வைத்தார்கள். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், நுண்கணிதம், புள்ளியியல் என்று ஏற்கெனவே ஆறு நிற்கின்றன. எல்லாவற்றிலும் எங்கள் கணித அகராதிக்கான அட்டைகள். அட்டைக்கு ஒரு சொல், அதன் கிளை, விளக்கம், எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டை மட்டும் யாரும் ஒழுங்காக எழுதித் தொலைப்பதில்லை. நான்தான் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது.

வடிவியல் அலமாரியின் காலடியில், தரையில் ஒரு விரிசல். அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். பழக்க தோஷம்.

ஜூன் 9

கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர்.

ஜூன் 16

கீழ்த்தளத்தில், எங்களுக்கு நேர் கீழே பிழை திருத்தும் அறை. என் தங்கை அங்கே வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தாறு ஆகியும் வீட்டில் எல்லாருக்கும் பொடிசுதான். இன்று அவள் மேசை மேல் வெள்ளைத் தூள்.

"என்னக்கா, மேல மாவு சலிக்கிறீங்களா?" என்றாள்.

மேசையை நகர்த்திப் போடச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறதாம், மாட்டாளாம். மேலே வந்து அளந்தேன். இந்த வாரம் மட்டும் இரண்டு சென்டிமீட்டர்.

ஜூன் 23

நான்கு.

ஒன்று, இரண்டு, நான்கு. மூன்று எண்களை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்று எத்தனை பேரிடம் சட்டம் பேசியிருப்பேன். இன்று நானே அடுத்த எண்ணைப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

எட்டு.

எங்கள் அகராதிக் குழுத் தலைவரைக் கூட்டி வந்து காட்டினேன். "பழைய கட்டடம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்ஜினியருக்கு ஒரு லெட்டர் போட்டுருங்க" என்றார். உடனே எழுதினேன்: 'விரிசலின் வாராந்தர வளர்ச்சி பெருக்குத் தொடரில் உள்ளது.'

தலைவர் 'பெருக்குத் தொடர்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். "இது குழுவுல நிலுவைல இருக்கே. ஆட்சேபம் எழுதினதே நீங்கதானே?"

நான்தான். மார்ச் மாதம், நான்கு பக்கம். குழு ஏற்காத சொல் எங்கள் கடிதம் எதிலும் வெளியே போகக்கூடாது. அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எல்லார் உயிரையும் வாங்குகிறவளும் நான்தான்.

"சும்மா, பெருசாகிட்டே போகுதுன்னு எழுதிடுங்களேன்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலும் பெரிசாகிக்கொண்டுதானே போகும்? இன்ஜினியர் ஆற அமர வருவார். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. நான்கு நாள்தானே, சரியான சொல்லோடே அனுப்பலாம்.

ஜூலை 2

டீ குடிக்கும்போது லெட்டர் கதையைப் பொடிசிடம் சொன்னேன்.

"ரெட்டிப்பாகுதுன்னு எழுதித் தொலையேன்."

"அது பேச்சுடி. கலைச்சொல் இல்ல."

"உங்க ஆபீஸ்ல தீப்பிடிச்சாக்கூட, குழு கூடி நெருப்புக்குப் பேர் வச்ச பிறகுதான் கத்துவீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் தலைமுடியில் தூள் படிந்திருந்தது. தட்டிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

குழு. தொடரா, தொடர்வரிசையா, விருத்தியா? மூன்று மணி நேரம் போயிற்று. நானும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். நன்றாக வாதாடினோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது — அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முடிவு அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது.

ஜூலை 7, திங்கள்

பதினாறு.

இயற்கணித அலமாரிக்கு அடியில் புகுந்துவிட்டது. வடிவியல் அலமாரியின் இழுப்பறையைச் சாத்தினால் தானாகத் திறந்துகொண்டு வருகிறது. மூன்று முறை சாத்திப் பார்த்தேன். என்ன பண்ணிக்கிட்டிருக்கேன் நான்?

பொடிசு சொன்ன சொல்லையே போட்டு இரண்டு வரி எழுதிவிட்டேன். தலைவர் கையெழுத்தும் வேண்டாம், தபாலும் வேண்டாம். காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவளை நாளைக்கு லீவு போடச் சொன்னேன். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். "மத்தியானம் வரைக்கும்தான்க்கா, வந்துடறேன்" என்றாள்.

ஜூலை 8

இன்ஜினியர் நின்னுக்கிட்டே படிச்சார். "ரெட்டிப்பாகுதா? இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" அவ்வளவுதான், பையை எடுத்துக்கிட்டு என்கூடவே கிளம்பிட்டார். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கே எழுந்து வந்துட்டார்.

தெரு முனை திரும்பினோம். ஒண்ணுமே தெரியல. ஒரே வெள்ளைத் தூள். மணி பதினொண்ணுகூட ஆகல —

ஜூலை 21, திங்கள்

பொடிசு போய்ப் பதிமூன்று நாள். மாடித் தரை இடிந்து விழுந்தபோது அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் கதவுப் பக்கம் இருந்ததால் காயத்தோடு பிழைத்துக்கொண்டார்கள்.

இன்றுதான் வேலைக்குப் போனேன். வேறொரு கட்டடத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். நான் இல்லாதபோது குழு கூடிச் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டது: பெருக்குத் தொடர்வரிசை. அட்டை எழுத என்னிடமே வந்தது. சொல்லை எழுதினேன். கிளை, இயற்கணிதம். விளக்கம் எழுதினேன்.

எடுத்துக்காட்டு: 1, 2, 4, 8, 16

தலைவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "கடைசில மூணு புள்ளி வைக்கணுமேம்மா. தொடர்ந்து போகும்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் வைக்கவில்லை.