அய்யாவின் பழைய நோட்டீஸ்

கீழக்குளம்பட்டி
6-8-1961

அன்புள்ள அண்ணனுக்கு, ராமுத்தாய் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மழைதான் இல்லை, மூன்று வருஷமாகக் கண்மாய் காய்ந்து கிடக்கிறது.

பாலம்மாள் மதினி வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றப் போகிறேன். நேற்று சிவகாசியிலிருந்து வந்த பழைய காகிதக் கட்டைப் பிரித்தால், எல்லாம் நம் அய்யாவின் பஞ்சாயத்து எலெக்‌ஷன் நோட்டீஸ். 'நான் பிரசிடெண்டாக இருக்கும்வரை இந்த ஊருக்குள் வெடிக் கம்பெனி வராது.' மதினி சிரித்தாள்: "ஏத்தா, ஒங்கய்யா வாக்கை நீயே சுருட்டுதியே!"

பத்து நாள் முன்பே கம்பெனிக்குச் சம்மதம் கொடுத்து அய்யா கையெழுத்துப் போட்டுவிட்டாராம்; காகிதக் கட்டு கொண்டுவந்த ஆள் சொன்னான். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இது கோழைத்தனமா அண்ணே? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

தங்கை
ராமுத்தாய்

மதுரை
11-8-1961

அன்புத் தங்கைக்கு,

கோழைத்தனம்தான். அந்த நோட்டீசை வீடு வீடாகக் கொடுத்தவன் நான். வெடிமருந்தில் வெந்து செத்த தனுஷ்கோடி மாமா பெயரைச் சொல்லித்தானே ஓட்டுக் கேட்டோம்? அய்யா பதவியை விடும்வரை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தீபாவளிக்கும் வரமாட்டேன். இதை அவரிடமே காட்டு.

கோட்டைச்சாமி

கீழக்குளம்பட்டி
24-8-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை. நான் என்றைக்கு அய்யாவிடம் நேரே பேசியிருக்கிறேன்? ஒரு நோட்டீசை மட்டும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அய்யா வாசித்தார். மோரைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அந்த நோட்டீசைத் தாமே உரக்க வாசித்தார். பெத்தணன் சித்தப்பா விடவில்லை: "பிரசிடெண்டே, நாளைக்கு எதை மாத்துவீக?"

"தப்புன்னு தெரிஞ்சா எதையும் மாத்துவேன். அன்னிக்குத் தனுஷ்கோடியை நெனச்சுச் சொன்னேன். இன்னிக்குப் பொழைப்பு தேடிப் போயி முப்பது வீடு பூட்டிக் கெடக்கு. ஆனா ஒங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டு ஒளிஞ்சேன் பாருங்க, அது தப்பு. கம்பெனிச் செட்டு ஊருக்குள்ள இல்ல, கண்மாய்க்கு அந்தப் பக்கம். மருந்து வேலைக்குச் சின்னப் புள்ளைக கெடையாது. சம்மதம்னா கை தூக்குங்க. இல்லேன்னா சம்மதத்தை வாபஸ் வாங்கிருதேன்."

பாதிக்கு மேல் தூக்கினார்கள். தனுஷ்கோடி மாமாவின் சம்சாரம் பேச்சியம்மாள் அத்தை தூக்கவில்லை. அய்யா அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர் மனசு மாறியது எனக்கு வெட்கமாக இல்லை அண்ணே. மறைத்ததுதான் வெட்கம்.

உங்கள் கடிதம் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது. தீபாவளிக்கு வந்து, நீங்களே அதை அய்யா முன்னால் வாசித்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

ராமுத்தாய்

மதுரை
1-11-1961

ராமுத்தாய்க்கு,

எனக்கு இன்னும் பேச்சியம்மாள் அத்தையின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனாலும் தீபாவளிக்கு முதல் நாள் சாத்தூர் ரயிலில் வருகிறேன். கடிதத்தை எடுத்து வை. வாசிக்கும்போது நீ அடுப்படிக்குள் போய்விடாதே.

அண்ணன்